செம்பன் ஒதுக்கிய பொங்கல்

மலைக்கோயில் குரங்கு செம்பனுக்குக் காலில் வந்த புண் ஆறவே இல்லை. கண்ணும் மங்கியது. ஒருநாள் கிளை சரியாகத் தெரியாமல் தாவி, முதுகிலிருந்த குட்டியோடு கீழே விழுந்தான். நல்லவேளை, குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆந்தை வைத்தியர் பார்த்தார். "சர்க்கரை நோய்தான். சோறு, வெல்லம், வாழைப்பழம் எல்லாத்தையும் நிறுத்து. கீரை, பூச்சி, முட்டை தின்னு" என்றார்.

திருவிழா அன்று மனைவி பூவாயி ஓர் இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள்.

"உங்களுக்காகக் கூட்டத்துல அடிபட்டுப் பிடுங்கிட்டு வந்தேன். ஒரு வாய் தின்னா என்னவாம்?"

நெய் வாசனையில் செம்பனுக்கு நாக்கு ஊறியது. கைகளைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டான்.

"வேண்டாம் பூவாயி. இன்னொரு தடவை நான் விழுந்தா, நம்ம குட்டி பிழைக்காது."

அவள் முகம் வாடி, இலையோடு போய்விட்டாள். அவன் தனியே உட்கார்ந்து காட்டுக் கீரையை மென்றான்.

நாளடைவில் புண் காய்ந்தது. பார்வையும் தெளிந்தது. பூவாயி மட்டும் பேசவில்லை.

ஒரு காலையில் அவளாகவே வந்து, அவன் கையிலிருந்த கீரையில் ஒரு கொத்தை வாயில் போட்டாள். முகம் சுளித்தாள்.

"இதையா தினமும் தின்னுறீங்க?"

"ஆமா."

அவள் துப்பவில்லை. மென்று விழுங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று இன்னொரு கொத்தை எடுத்தாள்.