ரூம்மேட் போட்டோ

ரெஜினா டீச்சர் அந்தப் போட்டோவின் முன்னால் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போச்சு," என்றார் சந்தியாகு.

டீச்சர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர் நடந்து வந்தால் தெரு நாய்கூட எழுந்து நின்று வணக்கம் வைக்கும். நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய ஊழியர்கள் கிளப்பில் வைத்த போட்டோ கண்காட்சி அது. 'நண்பர்கள்' போர்டில்தான் கூட்டம் அதிகம். அந்தக் காலத்தில் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்த்தவர்களில், ரூம்மேட்டோடு வடலூர் ஸ்டூடியோவுக்குப் போய்க் கைகோத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர் யார்?

டீச்சர் பார்த்த படமும் அவற்றில் ஒன்றாகத் தொங்கியது. பெல்பாட்டம் போட்ட இரண்டு இளவட்டங்கள். நாற்காலியில் சண்முகசுந்தரம். அவர் தோளில் கை போட்டு, குனிந்து நிற்பது சந்தியாகு.

அன்றைக்கு ரூம்மேட். இன்றைக்கும் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரே வீடு. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் கேட்டால், "ரூம்மேட்டுங்க" என்பதுதான் சந்தியாகுவின் பதில்.

அடம்பிடித்துப் படத்தைக் கொண்டுவந்தவர் சுந்தரம். கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க அது சுவரில் இருக்க வேண்டுமாம். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார் சந்தியாகு. ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட மணிமாறன் அதை 'நண்பர்கள்' போர்டில் குத்திய பிறகுதான் சந்தியாகுவுக்கு மூச்சே வந்தது. சுந்தரத்துக்கோ முகம் தொங்கிப்போனது.

டீச்சர் இப்போது குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மணிமாறன் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார்.

"மத்த படத்துலல்லாம் ரெண்டு பேரும் கேமராவைப் பாத்துகினு இருக்காங்க. இதுல நிக்கிறவர் எங்க பாக்கறாரு, பாருங்க."

மணிமாறன் பார்த்தார். நின்றிருந்தவர் கேமரா என்று ஒன்று இருப்பதையே மறந்து, உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் படத்தோடு உள்ளறைக்குப் போய்விட்டார்.

"வாப்பா, வூட்டுக்குப் போயிடலாம்," என்றார் சந்தியாகு. இனி கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது, சர்ச்சுக்குப் போக முடியாது என்று அடுக்கிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

சுந்தரம் நகரவில்லை. "இருக்கிறது அந்த ஒரு படம்தான். அது இல்லாம நான் வரமாட்டேன்."

அவர் உள்ளே நடந்தார். தனியாக அனுப்ப மனசு வராமல், ஒரு கால் செருப்போடு சந்தியாகுவும் பின்னால் ஓடினார்.

உள்ளறையில் டீச்சர் பொறுப்பில் இன்னொரு போர்டு. 'தம்பதியர்' என்று மேலே எழுதியிருந்தது. மாலையும் கழுத்துமாக வரிசையாக ஜோடிகள். டீச்சர் தன் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இவர்கள் படத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

காலடி கேட்டுத் திரும்பினார். கையில் ஸ்கெட்ச் பேனா.

"எல்லாருக்கும் கீழ வருஷம் போட்டிருக்கேன். உங்களுக்கு எதைப் போடறது?"

சுந்தரம் சந்தியாகுவைப் பார்த்தார். இத்தனை காலமாக ஊருக்குப் பதில் சொல்லிவந்தவர் அவர்தானே.

சந்தியாகு போர்டைப் பார்த்தார். பிறகு, படத்தில் பார்த்தது போலவே சுந்தரத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எழுபத்தெட்டு," என்றார்.

"எழுபத்தேழு," என்றார் சுந்தரம் பட்டென்று. "இது கூடவா ஞாபகம் இல்ல?"

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான்."