கதவுக்கு இந்தப் பக்கம்

கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே கிரேனுக்குத் தெரியவில்லை.

மடியில் வைத்தால் விரல்கள் தாமாக மடங்கின. தொடைக்கு அடியில் செருகினால் கல்படி சுட்டது. கடைசியில் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, குளிரில் மாட்டிக்கொண்டவன் மாதிரி, பட்டப்பகல் வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

கிரேன் என்பது சிநேகிதர்கள் வைத்த பெயர். ரோட்டில் படுத்துவிட்ட லாரிகளைச் சங்கிலி போட்டு இழுத்து வருவது அவன் பிழைப்பு. சங்கிலி அறுந்தால் தோளைக் கொடுத்தே தூக்கிவிடுவான் என்பார்கள். முக்கால்வாசி பொய். ஆனால் பெட்ரோல் பங்கில் ஒரே குத்தில் ஒருவன் தாடையைப் பெயர்த்தது பொய்யில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்பி வளர்ந்த உடம்பு.

கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியின் சபையில் சேர்ந்தான். சின்னச் சபை. யார்மேலும் கை ஓங்குவதில்லை என்று ஆண்டவர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். ஓங்க வேண்டிய அவசியமே இல்லாத நாளில் அந்த வாக்குக்கு என்ன கஷ்டம்?

இன்று கஷ்டமாக இருந்தது.

பின்னால் மூடிய இரட்டைக் கதவு. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வெளியே படிகளில் சபையார் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டஜன் பேர்கூடத் தேறாது. கொளுத்தப் போகிறோம் என்று நேற்றே சிலர் தெருவில் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். போலீஸ் ஜீப் காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னதோடு சரி.

சபை மூப்பர் சலூன் வைத்திருப்பவர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு.

"அடிச்சா வாங்கிக்குவோம். திருப்பிக் குடுக்க வேணாம். உள்ள கும்பிடுறவங்க நிம்மதியா கும்பிடட்டும்," என்றார், பின்னால் முடியைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்று கேட்கிற அதே குரலில்.

கிரேன் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான். அடிக்குப் பயந்தவனில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அதுவும் பொய்தான் என்று இப்போது தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம், தன் கை தன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்பது. ஒரு குத்து விழுந்தால் போதும். அதைச் சாக்காக வைத்துத் தெருவே பற்றிக்கொள்ளும். இந்தக் கதவும், உள்ளே இருமிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு குழந்தையும்.

தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. எதிர் மாடியில் யாரோ திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டார்கள்.

முதலில் கல் வந்தது. அப்புறம்தான் சத்தம்.

கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியின் புருவத்தில் பட்டது. அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். ரத்தம் மூக்கோரமாக இறங்கியது.

எழுந்துவிட்டோம் என்றுதான் கிரேன் நினைத்தான். குனிந்து பார்த்தால் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறான். முஷ்டி மட்டும் தனியாகக் கிளம்பி, தோள் உயரத்தில் நின்றது. அவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்து, அடம்பிடிக்கிற பிள்ளையை இழுப்பதுபோலத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னைப் பாக்காதீங்க. தரையப் பாருங்க."

தரையைப் பார்த்தான். கால்கள் வந்துகொண்டிருந்தன. செருப்புகள். மெருகு போட்ட ஷூக்கள். யாரோ ஒரு பெண்ணின் வெள்ளைச் சாண்டல்.

கிட்டே வர வர அந்தச் சத்தத்துக்கு ராகம் வந்தது.

வசவு என்று நினைத்திருந்தான். பாட்டு.

அவன் அம்மா சமையலறையில் முணுமுணுத்த பாட்டு. ஞாயிறுதோறும் அவனும் வாய்விட்டுப் பாடுகிற பாட்டு. இரண்டு அடிக்கு ஒருமுறை இயேசுவின் நாமம் வரும். பக்கத்தில் மூப்பரின் உதடுகள் பழக்க தோஷத்தில் அடுத்த வரிக்கு அசைந்து, நின்றுவிட்டன.

கால்களும் நின்றன.

கிரேன் தலையைத் தூக்கினான். எல்லாருக்கும் முன்னால் அவன் அண்ணன். தோளில் சாய்த்த மரச்சிலுவை. மற்றக் கையில் பெட்ரோல் கேன்.

"டேய், பைத்தியமா உனக்கு? இது நம்ம சர்ச் இல்லடா. உள்ள இருக்கறவன் நம்ம சாமியக் கும்பிடறவனே இல்ல. எந்திரிடா!"

மனைவியின் மடியில் கை அப்படியே இருந்தது.

"தெரியும்ணே," என்றான் கிரேன்.

குரல் கீச்சென்று வந்தது. எழுந்திருக்கவில்லை.

அண்ணன் அவனைப் பார்த்தான். தம்பி மனைவியின் புருவத்தைப் பார்த்தான். கேனைக் கீழே வைத்தான். கை வலித்து வைத்தானா, மூடியைத் திறக்க வைத்தானா, தெரியவில்லை.

பின்னால் நின்றவர்கள் பாடி முடித்தார்கள். அடுத்த சரணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் அண்ணன்தான்.

அவன் எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை.

அந்த அமைதியில், கதவுக்குப் பின்னாலிருந்து, தெருவில் நின்ற ஒருவருக்கும் புரியாத மொழியில் ஜெபம் கேட்டது.