மூன்றாவது பழுது

பழுது பார்த்ததை வாங்கிப்போக வந்த பெண்ணின் கட்டைவிரலில் புதிதாக ஒரு பிளாஸ்திரி இருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார்.

காலையிலிருந்து குனிந்தே கிடந்ததில் நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் போல வலித்தது. கொட்டகைத் தரை முழுக்க, ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் ஹேங் கிளைடரின் இறக்கை விரிந்து கிடந்தது. கால் வைக்க இடமில்லை.

"ரெடியா மாஸ்டர்? ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி குடும்பமே வருது, என் வீட்டுக்காரர் பறக்கிறதைப் பார்க்க."

"ரெடிதான். ஆனா இது மூணாவது தடவைம்மா."

போன மாதம் பக்கவாட்டுக் கம்பியில் இரண்டு இழை அறுந்திருந்தது. புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் சின்ன வளையம் ஒன்றைக் காணவில்லை.

இப்போது, இறக்கைத் துணிக்குள் சொருகும் வளைந்த அலுமினியக் குச்சிகளில் இடப்பக்கத்து மூன்று மட்டும் நேராக நிமிர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும், சரியான வளைவு வரைந்த அச்சுத் தாளின் மேல் வைத்து, கோட்டோடு சேரும்வரை முழங்காலில் அழுத்தி வளைத்ததில் பாதி நாள் போயிற்று.

கம்பி தேயும், வளையம் விழும். மூன்று குச்சி ஒரே அளவில் தானாக நிமிராது. இது யாரோ கை வைத்த வேலை. ஆளைக் கொல்ல நினைத்த கையும் இல்லை. மூன்று பழுதுமே, பறப்பதற்கு முன் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். யாருக்கோ இந்த இறக்கை தரையிலேயே கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"விரல்ல என்னம்மா காயம்?"

"வண்டி மேல ஏத்தும்போது கயிறு அறுத்திடுச்சு. அவருக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, எப்பவும் நான்தானே தூக்கிட்டு வரேன்."

அவர் நம்பவில்லை. இறக்கையை மடக்கிக் கட்டுவதற்காக, "கிளைடரோட மூக்கைப் பிடிங்க" என்றார். அவள் போய் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரே சுற்றி நடந்து போய் மூக்கைப் பிடித்தார். கோபப்படவும் தெம்பில்லை.

"போன வருஷம் சார் மரத்துல மாட்டினாரே, அப்ப ரொம்பப் பயந்துட்டீங்களோ?"

"பயமா? எனக்கு உசிரே போயிடுச்சு மாஸ்டர். மூணு மணி நேரம் தொங்கினார். இறக்கிவிட்டதும் சிரிச்சுக்கிட்டே 'அடுத்த வாரம் மறுபடி'ங்கறார். ஊரே அவரைப் 'பருந்து'ன்னு கூப்பிடுது. நான் எந்த வாயால நிறுத்தச் சொல்றது?"

மெக்கானிக்குக்கு அது போதுமாக இருந்தது.

"பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்கம்மா. இப்படி மறைமுகமா வேண்டாம். ஒரு நாள் கண்ணுல படாம போச்சுன்னா என்ன ஆகும்?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. இருவருமாகத் தூக்கிக் கார் கூரைமேல் வைத்ததும், தலையைக் குனிந்தபடி கயிறு கட்ட ஆரம்பித்தாள். முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டாள்.

மெக்கானிக் உள்ளே வந்து, கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்து அவள் கணவனுக்கு போன் போட்டார்.

"சார், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பழுது தானா வரலை. உங்க வீட்டம்மா கை வைக்கிறாங்க. உங்க மேல உள்ள பாசத்துலதான் செய்யறாங்க, திட்டிடாதீங்க. பக்குவமா பேசிப் பாருங்க."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மிகவும் தணிந்து வந்தது.

"அவ பாவம் மாஸ்டர், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகாதுன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்."

"ஏன் சார்? சுத்தமா சரி பண்ணிட்டேனே!"

"மேலே போக எனக்குப் பயமா இருக்கு."