சொன்னதை எழுதுகிறவள்

"வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு, ஆயிரத்து எண்ணூற்று ஒன்று" என்றார் ஜெபராஜ்.

அவள் பேனா நின்றுவிட்டது.

ஒன்று இல்லை, ஆறு. பத்தாம் வகுப்பில் இதே ஆண்டைத் தப்பாக எழுதி ஒரு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவள் அவள். சாகும்வரை மறக்காது.

கல்லூரியில் வரலாற்றுத் தேர்வு, ஒரு தனி அறை. கண் தெரியாத ஜெபராஜ் சொல்லச் சொல்ல, பதினோராம் வகுப்பில் படிக்கும் அவள் எழுத வேண்டும். அவர் சொன்னதை மட்டும்.

உண்மையைச் சொன்னால், என்.எஸ்.எஸ். சான்றிதழுக்காகத்தான் கையைத் தூக்கியிருந்தாள். ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். இது என்ன பெரிய விஷயம் என்று வந்துவிட்டாள்.

அவருக்கோ இது மூன்றாவது முறை. இதிலும் தேறாவிட்டால் பட்டம் இல்லை, பி.எட். சீட்டும் இல்லை.

ஜெபராஜ் தலையைச் சாய்த்தார்.

"வருசம் தப்பு, என்னம்மா? உன் பேனா சொல்லிருச்சு."

அவளுக்கு முகம் எரிந்தது.

"உன் பேனா சொல்லி நான் திருத்தக் கூடாது. இந்தக் கேள்வியே வேண்டாம், அடிச்சிரு. அடுத்தத எழுதுவோம்."

அடுத்த கேள்விக்கு அவரிடம் அரைப் பக்கம்தான் இருந்தது. தட்டுத் தடுமாறி முடித்தார்.

நல்லது செய்யப் போய் அவர் மதிப்பெண்ணில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இனி பேனாவை நிறுத்த மாட்டேன்.

"துணைப்படைத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் டல்ஹௌசி பிரபு."

வெல்லெஸ்லி. ஐயோ, வெல்லெஸ்லி!

எழுதினாள். டல்ஹௌசி என்றுதான் எழுதினாள். அதே வேகத்தில், முத்து முத்தான கையெழுத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. துடைத்தால் கை நிற்கும்.

மணி அடித்தது.

அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தவர், படிக்கட்டருகே நின்றார்.

"டல்ஹௌசி இல்ல, வெல்லெஸ்லி. இப்பத்தான் ஞாபகம் வருது. உனக்கு அப்பவே தெரியும், என்ன?"

"தெரியும்ண்ணே."

ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மனிதரால் எப்படிச் சிரிக்க முடிகிறது? அவளுக்கு அழுகைதான் வந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு பேப்பர் இருக்கு. நீயே வந்திரும்மா."

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேதியியல் டியூஷன்.

"எத்தனை மணிக்குண்ணே?" என்றாள்.