செம்பியின் மூன்றாவது கல்

கல்லெறிவதில் செம்பிக் குரங்கை மிஞ்ச அந்த ஆற்றங்கரையில் ஆளில்லை. கிழட்டு ஆமை மட்டும் ஒத்துக்கொள்ளாது.

"நூறு வருஷத்துக்கு முன்னால் நெட்டைக்கையன் என்று ஒரு குரங்கு இருந்தான். அவன் எறிவதுதான் எறி. உன்னுடையதெல்லாம் சும்மா" என்று தினமும் சொல்லும்.

செத்துப்போனவனோடு எப்படிப் போட்டி போடுவது என்று செம்பி மனசுக்குள் குமுறும். ஆனாலும் எறிந்து பழகுவதை ஒருநாளும் விட்டதில்லை.

ஒருநாள் கரையோரம் படுத்திருந்த ஆமையின் பின்னங்காலை முதலை கவ்விவிட்டது. செம்பி ஓடிவந்து கல்லை எறிந்தது. முதல் கல் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது முதலையின் முதுகில் பட்டுத் தெறித்தது.

"நெட்டைக்கையனாக இருந்தால் முதல் கல்லிலேயே..." என்று வலியிலும் முனகியது ஆமை.

"அவன் இப்போது வர மாட்டான். தலையை உள்ளே இழுத்துக்கொள்!" என்று கத்திய செம்பி, மூச்சை அடக்கி மூன்றாவது கல்லை விட்டது. அது முதலையின் கண்ணிலேயே போய் விழுந்தது. முதலை வாயைத் திறக்க, ஆமை கரையேறியது.

மறுநாள் வெளியூர்க் கொக்கு ஒன்று தன் ஊர்க் குரங்கின் எறியைப் பற்றிப் பெருமையடித்தது. ஆமை நொண்டிக்கொண்டே அதன் எதிரே போய் நின்றது.

"எங்கள் செம்பி எறிந்து நீ பார்த்திருக்கிறாயா?"

அதைக் கேட்கச் செம்பி அங்கே இல்லை. முந்தின நாள் இரண்டு கல் தவறிய இடத்தில் நின்று, மறுபடி மறுபடி எறிந்துகொண்டிருந்தது.