சுவர்ப்பக்கம் இருந்த எண்

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே மதிய வெயில் புள்ளி புள்ளியாய் என் தம்பியின் முதுகில் விழுகிறது. ஞாயிறன்று பந்தயத் தடத்தில் தன் காரை ஓட்ட, பழைய டயர் கடையில் குந்தியிருக்கிறான். கீறல் விழுந்த அலாய் சக்கரங்கள் மலிவாகக் கிடைத்துவிட்டன. டயர்தான் பாக்கி. "அக்கா, இது தேஞ்சிருக்கு, ஆனா மெத்துனு இருக்கு. அதுல பள்ளம் ஆழம், கொஞ்சம் கெட்டி. ரெண்டும் ஒரே விலை. எது?" "செருப்பு வாங்கவே என்னை மூணு கடை ஏத்தி இறக்குறவன், இதுக்கும் நானா?" கடைக்காரர் சிரிக்கிறார். "அக்காவே சொல்லட்டும் தம்பி. நாளைக்கு வீட்டுல திட்டு விழாது." டயர் தயாரித்த வாரமும் வருடமும் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு இலக்கங்களாகப் பதிந்திருக்கும்; பள்ளம் ஆழமான டயரில் அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்திருக்கிறது. பதினோரு வருடம் கிடந்து இறுகிய ரப்பர் வளைவில் தரையைப் பிடிக்காது என்று, தடத்தில் நடக்கும் விபத்தில் அவன் போன பிறகு, அதை ஆராய்ந்தவர் எனக்குச் சொல்லப்போகிறார். இப்போது பள்ளம் மட்டுமே தெரிகிறது. என் விரல்நுனி அதில் முழுதாகப் புதைகிறது. "இதையே எடுடா. புதுசாட்டம் இருக்கு." அவன் எழுந்து, நான் சொன்ன நாலில் முதலாவதை வாசலுக்கு உருட்டி வருகிறான். எண் இருக்கும் பக்கம் என்னைப் பார்த்தபடிதான் உருள்கிறது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அக்கா, கதவைக் கொஞ்சம் பிடி," என்கிறான். அகலத் திறந்து பிடித்துக்கொள்கிறேன்.