முகமூடிக்குள் தண்ணீர்

டைவிங் முகமூடிக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பது மகாதேவனுக்குப் பிடிபடவே இல்லை. கலிஃபோர்னியாவில், சான் ரமோன் வீட்டு நீச்சல் குளத்தில் நாற்பது நிமிடம் மூழ்கிச் சோதித்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. விடுமுறைக்குக் கரீபியக் கடலின் போனேர் தீவுக்கு வந்த பிறகோ, கரையிலிருந்து நடந்து கடலில் இறங்கிய ஐந்தே நிமிடத்தில் மூக்குவரை தண்ணீர்.

"மீசைதான்டா காரணம். ஷேவ் பண்ணு," என்றான் நண்பன் சாய்ராம்.

மீசை போனது. தண்ணீர் போகவில்லை.

மூன்றாம் நாள் இருவரும் முகமூடியை மாற்றிக்கொண்டார்கள். சாய்ராமுக்கு ஒழுகவில்லை, மகாதேவனுக்கு அதுவும் ஒழுகியது.

"மாஸ்க் ஓகே. உன் மூஞ்சிதான்டா டிஃபெக்ட்!"

"அப்போ மீதி நாலு நாள் கரையில உக்காந்து உங்க செருப்புக்கு நான் காவலா? முடியாது. கண்டுபிடிச்சே தீருவேன்," என்றான் மகாதேவன்.

கடலுக்குள் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஷ்யாமளா கேமராவை நீட்டினாள். "இதைப் பாருங்க."

ஆமை, கிளிமீன், பவளப்பாறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும், காற்றுக்குழாயைக் கடித்தபடியே காதுவரை சிரித்துக்கொண்டிருந்தான் மகாதேவன்.

சாய்ராம் வாயைப் பிளந்தான். "டேய், உன் கல்யாண ஆல்பத்துலகூட நீ சிரிக்கலையேடா!"

"சிரிச்சா கன்னம் மடியும்," என்றாள் ஷ்யாமளா. "மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவுல இடைவெளி விழும். அது வழியாதான் தண்ணி வருது. நம்ம வீட்டுக் குளத்துல சிரிக்க என்ன இருந்துச்சு?"

மறுநாள் ஆமையைப் பார்த்தபோது, ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான் மகாதேவன். கரையேறி, முகமூடியைக் கழற்றிய பிறகு சிரித்தான். அதன் உள்ளே காய்ந்தே இருந்தது.